ஆசிரியருக்குத் துணை நிற்கும் அலுவலகம்: மருத்துவக் கல்விப் பிரிவுகள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எம்.டி. அனாடமி முடித்தவருக்கும் எம்.எஸ். சர்ஜரி முடித்தவருக்கும் பணி ஆணை கையில் கிடைத்த சில நாட்களிலேயே வகுப்பு ஒதுக்கிவிடுகிறார்கள். நூறு, நூற்றைம்பது மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்து நிற்கிறார் அவர். பாடத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு. அந்தப் பாடத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூட ஆசிரியராகப் போக பி.எட். கேட்கிற நாட்டில், மருத்துவம் கற்பிக்கப் போகிறவருக்கு அப்படி ஒரு முன்பயிற்சி நெடுங்காலம் இருக்கவில்லை.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர் கல்வியியல் துறையினரோடு சேர்ந்து உட்கார்ந்து, மருத்துவ ஆசிரியர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை ஆராயத் தொடங்கினார். 1970களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது. 1997ஆம் ஆண்டு இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் எல்லாக் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்க வேண்டும் என்றன. 2009 முதல் மருத்துவ கவுன்சில் ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சியை நாடு முழுவதும் நடத்தச் செய்தது. 2019இல் திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்த பிறகு, கல்லூரிகளில் எம்.இ.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பிரிவின் தலையில் வேலை மலைபோல் ஏறிவிட்டது.

வேலை ஏறிய வேகத்தில் அதன் நோக்கம் நழுவி வருவதைப் பல கல்லூரிகளில் பார்க்கிறேன். இன்ஸ்பெக்ஷனுக்குக் கோப்பு தயார் செய்வதும் பயிற்சிச் சான்றிதழ் வழங்குவதுமாக அதன் ஆண்டு ஓடிவிடுகிறது. ஆசிரியர் தடுமாறும்போது பக்கத்தில் நிற்க ஒரு மனிதர், ஓர் அறை, ஒரு நம்பிக்கை வேண்டும். எம்.இ.யு. அதற்காக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒருங்கிணைப்பாளர்களையும் டீன்களையும் மனதில் வைத்துக் கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

செய்யுங்கள்: புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரத்திலேயே தேடிப் போங்கள்

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. சேர்த்து 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். பழைய கல்லூரியில் ஒரு துறையில் நாலைந்து மூத்தவர்கள் இருப்பார்கள். இளையவர் அவர்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே பாதித் தொழிலைப் பிடித்துக்கொள்வார். புதிய கல்லூரியில் அந்தக் கடைசி பெஞ்சே இல்லை. துறையில் இரண்டு மூன்று பேர்தான்; எல்லாருமே ஏறக்குறைய ஒரே வயது. அங்கே எம்.இ.யு. போய்க் கதவைத் தட்டாவிட்டால் வேறு யாரும் தட்டப்போவதில்லை.

முதல் வாரத்தில் கொடுக்க வேண்டியது சொற்பொழிவு அல்ல. அவர் துறைக்கான திறன் பட்டியல், இந்த ஆண்டுக்கான டைம் டேபிள், முந்தைய பல்கலைக்கழக வினாத்தாள்கள், நிரப்பப்பட்ட ஒரு பழைய லாக் புக், ஒரு நல்ல பாடத்திட்டக் குறிப்பின் மாதிரி. அதோடு சின்னச் சின்ன விவரங்கள்: லெக்சர் ஹால் சாவி யாரிடம் இருக்கும், புரொஜெக்டர் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிட வேண்டும், மாணவர் வருகைப் பதிவை எந்த ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். இவை அற்பமாகத் தோன்றலாம். முதல் வகுப்பில் கூட்டத்தின் முன் வியர்த்து நின்றவருக்குத்தான் அவற்றின் அருமை தெரியும்.

ஒரு வழிகாட்டியையும் அமர்த்துங்கள். அவர் வேறு துறைக்காரராக இருப்பது நல்லது. சொந்தத் துறையின் மூத்தவரிடம் "எனக்கு இது வரவில்லை" என்று சொல்ல ஓர் உதவிப் பேராசிரியருக்கு நா எழாது. நாளை அவருக்கு ரகசியக் குறிப்பு எழுதப்போகிறவர் அந்த மூத்தவர்தானே. பயோகெமிஸ்ட்ரிக்காரர் கம்யூனிட்டி மெடிசின்காரரிடம் மனம் விட்டுப் பேசுவார்.

செய்யாதீர்கள்: உதவுகிற வேலையையும் மார்க் போடுகிற வேலையையும் ஒரே கையில் வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பார்த்து, பிறகு தனியாகப் பேசுவதுதான் கற்பித்தலை மேம்படுத்த நமக்குத் தெரிந்த வழிகளில் மலிவானதும் பலன் மிக்கதும். பணம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால், அப்படி எழுதிய குறிப்பின் ஒரு நகல் துறைத்தலைவர் மேசைக்கோ டீன் அறைக்கோ போய்விட்டது என்று ஒரே ஒரு முறை வெளியே தெரிந்தால் போதும். அந்தக் கல்லூரியில் அதன் பிறகு யாரும் உண்மையான வகுப்பை எடுத்துக் காட்டமாட்டார்கள். பார்வையாளர் வரும் நாளுக்கென்று ஒரு வகுப்பு, மற்ற நாட்களுக்கு வேறொரு வகுப்பு என்றாகிவிடும்.

ஆகவே நாலு விதிகளை எழுத்தில் வைத்து டீனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு அந்த ஆசிரியருக்கே சொந்தம். எம்.இ.யு. கோப்பில் "இந்தத் தேதியில் வகுப்பு பார்க்கப்பட்டது, கலந்து பேசப்பட்டது" என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது. எம்.இ.யு. ஒருங்கிணைப்பாளர் பதவி உயர்வுக் குழுவிலோ ஒழுங்கு நடவடிக்கை விசாரணையிலோ உட்காரமாட்டார். தம் வகுப்பைப் பார்க்கச் சொல்லி ஆசிரியரே கேட்டு வருவார். மேலிருந்து உத்தரவாக வராது.

சில டீன்கள் நல்ல எண்ணத்தோடே கேட்பார்கள்: "யாரெல்லாம் சரியா கிளாஸ் எடுக்கலைன்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன், டிரெயினிங் குடுத்துடலாம்." அந்தப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். மரியாதையாக, உறுதியாக மறுத்துவிடுங்கள். கல்லூரிக்கு ஆசிரியர் மதிப்பீடு தேவைதான். அதைச் செய்ய துறைத்தலைவர் இருக்கிறார், நிர்வாகம் இருக்கிறது, அதற்கென்று தனி நடைமுறையும் இருக்கிறது. உதவி கேட்டு வந்தவரின் பெயர் குற்றப் பட்டியலில் ஏறும் இடத்துக்கு இரண்டாவது ஆள் வரமாட்டார்.

மாணவர் பின்னூட்டத்துக்கும் இதே எச்சரிக்கை. செமஸ்டர் முடிவில் கூகுள் ஃபார்மில் மாணவர்கள் தட்டிவிட்ட மதிப்பெண்ணை எடுத்து ஆசிரியர்களை வரிசைப்படுத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது கொடுமை. கடினமான பாடத்தை, காலை எட்டு மணி வகுப்பை, தேர்வில் கண்டிப்பாக இருப்பவரை மாணவர் குறைத்தே மதிப்பிடுவார். பெண் ஆசிரியர்களின் குரலையும் உடையையும் பற்றி வரும் வரிகளை நானே படித்திருக்கிறேன். அவற்றை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பது பின்னூட்டம் ஆகாது. எம்.இ.யு. உறுப்பினர் ஒருவர் முதலில் படித்து, வசைகளை நீக்கி, பலர் திரும்பத் திரும்பச் சொல்லும் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். "ஸ்லைடில் எழுத்து சின்னதா இருக்கு", "போர்டைப் பார்த்தே பேசுறாங்க", "கேள்வி கேட்டா கோபப்படுறாங்க" போன்றவை மாற்றக்கூடியவை. மாற்றக்கூடியதைச் சொன்னால் ஆசிரியர் கேட்டுக்கொள்வார்.

செய்யுங்கள்: மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு தொடருங்கள்

மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி மூன்று நாள். முப்பது பேர் அளவில் உட்கார்வார்கள். மண்டல அல்லது நோடல் மையத்திலிருந்து பார்வையாளர் வருவார். பெரியவர் எப்படிக் கற்கிறார், கற்றல் நோக்கங்களை எப்படி எழுதுவது, சிறு குழுவை எப்படி நடத்துவது, வினாத்தாளை எப்படி அமைப்பது, ஏட்காம் என்ற மனப்பான்மை, நன்னெறி, உரையாடல் பாடத்தை எப்படி எடுப்பது என்று எல்லாவற்றையும் தொட்டுப் போவார்கள். மைக்ரோ டீச்சிங்கில் ஒவ்வொருவரும் சில நிமிடம் பாடம் எடுத்துக் காட்டி, சக ஆசிரியர்களின் கருத்தைக் கேட்பார்கள். என் அனுபவத்தில், "இதை ஏன் எங்களுக்கு முன்னாடியே சொல்லலை?" என்று மூத்த பேராசிரியர்களே கேட்கும் இடம் இதுதான்.

நான்காம் நாள் என்ன ஆகிறது என்பதில்தான் பிரச்சினை. சான்றிதழின் நகலைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அதே எழுபது ஸ்லைடுகளோடு போய் நிற்கிறார் ஆசிரியர். அவர்மேல் குற்றமில்லை. பழைய வகுப்பை உடைத்துப் புதிதாகக் கட்ட நேரமும் துணையும் வேண்டும். இரண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோன் ஸ்டைனர்ட்டும் சக ஆய்வாளர்களும் மருத்துவ ஆசிரியர் மேம்பாட்டைப் பற்றி வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2006இலும், விரித்து 2016இலும் எழுதினார்கள். கையால் செய்து பார்ப்பது, பின்னூட்டம் பெறுவது, சக ஆசிரியர்களின் உறவு ஆகியவை இருக்கும் பயிற்சிகளே பலன் தருகின்றன என்றும், நீண்ட காலம் தொடரும் பயிற்சிகளுக்குத் தனி வலு உண்டு என்றும் அவர்கள் காட்டினார்கள். நம் கல்லூரிகளுக்கு இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் ஒவ்வொருவரும் தாம் உண்மையில் எடுக்கப்போகும் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, அதை எப்படி மாற்றப்போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதட்டும். ஆறு வாரம் கழித்து மதிய வேளையில் ஒரு மணி நேரம் கூடட்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசட்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. தேநீர்ச் செலவு மட்டும்தான்.

பயிற்சி நாட்களில் அவர்களை வார்டிலிருந்து உண்மையாகவே விடுவியுங்கள். காலை ஓ.பி.யில் அறுபது நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு ஓடி வந்து பின்வரிசையில் உட்கார்பவர் எதையும் கற்கமாட்டார். துறைத்தலைவரிடம் மூன்று வாரம் முன்பே பெயர்களைக் கொடுத்து, டூட்டி மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதீர்கள். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு நடக்கும் வாரங்களில் வேண்டவே வேண்டாம்.

செய்யாதீர்கள்: கலைச்சொற்களால் பயமுறுத்தாதீர்கள்

எஸ்.எல்.ஓ., டி.ஓ.ஏ.பி., டி.ஓ.பி.எஸ்., மினி-சி.இ.எக்ஸ். என்று எழுத்துகளை அடுக்கினால் இருபது வருடமாகப் படுக்கையருகே அருமையாகப் பாடம் நடத்தி வந்த பேராசிரியர்கூட "இது எனக்கான விஷயம் இல்லை" என்று ஒதுங்கிவிடுவார். முதலில் அவர் ஏற்கெனவே செய்வதைக் காட்டுங்கள். மாணவருக்குச் செய்து காட்டி, பார்க்க வைத்து, உதவச் சொல்லி, பிறகு தனியாகச் செய்ய விடுவதை லேபர் வார்டு பேராசிரியர்கள் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். டி.ஓ.ஏ.பி. என்பது அதற்கு ஒழுங்கு கொடுத்த பெயர். மில்லர் 1990இல் வரைந்து காட்டிய பிரமிடும் அப்படித்தான். தெரியும் என்பது வேறு, எப்படியென்று தெரியும் என்பது வேறு, செய்து காட்டுவது வேறு, வார்டில் யாரும் பார்க்காதபோதும் செய்வது வேறு. நல்ல யூனிட் சீஃப் ஒவ்வொருவருக்கும் இது அனுபவத்தில் தெரிந்த உண்மை.

செய்யுங்கள்: வார்டுக்கும் ஓ.பி.க்கும் போங்கள்

எம்.இ.யு.வின் கவனம் எப்போதும் லெக்சர் ஹாலிலேயே குடியிருக்கிறது. மருத்துவத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகள் கட்டிலருகேயும் ஓ.பி. மேசையருகேயும்தான் கற்கிறார்கள். அங்கே ஆசிரியரின் குறை ஒன்றே ஒன்று, நேரம். அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும்போது "கற்றல் நோக்கங்கள்" என்று பேசினால் யார் காது கொடுப்பார்கள்?

அந்த நெருக்கடிக்கென்றே ஒரு முறை உண்டு. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதியது. ஒரு நிமிட ஆசிரியர் முறை என்று சொல்லலாம். அதில் ஐந்து படி. டெங்கு சீசனில் ஓ.பி.யில் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் ஒருத்தி நோயாளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் வருகிறாள்.

"சார், நாலு நாளா காய்ச்சல். இன்னைக்குக் காலைல காய்ச்சல் விட்டிருச்சு, ஆனா வயிறு வலிக்குதுன்னு சொல்றாங்க."

"நீ என்னம்மா நினைக்கிற?"

"டெங்குவா இருக்கலாம் சார்."

"எதை வெச்சுச் சொல்ற?"

அவள் காரணங்களைச் சொல்கிறாள். ஆசிரியர் ஒரே ஒரு பொதுவிதியைச் சொல்கிறார்: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், அப்போது வரும் வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் எச்சரிக்கை. பிறகு சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்கிறார்: "வயித்து வலியைக் கேட்டு எழுதினியே, அது நல்லது." கடைசியாக விட்டுப்போனதைத் திருத்துகிறார்: "பி.பி. எழுதியிருக்க, ஆனா மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி குறைஞ்சிருக்கான்னு பார்க்கலை. ஹெமட்டோக்ரிட்டும் கேட்டு வாங்கு."

ஓரிரு நிமிடம்தான். அந்த ஹவுஸ் சர்ஜன் இதை மறக்கமாட்டாள். ஆசிரியர் முதலிலேயே "டெங்கு, அட்மிட் பண்ணு" என்று சொல்லியிருந்தால் வேலை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்திருக்கும். அவள் ஒன்றும் கற்றிருக்கமாட்டாள். எம்.இ.யு. ஆள் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் காலை ஏதாவது ஒரு யூனிட்டோடு ரவுண்ட்ஸ் போய், இதைப் பக்கத்திலிருந்து பழக்கலாம். சைக்கிள் பழகுகிறவருக்குப் பின்னால் சீட்டைப் பிடித்தபடி ஓடி வருகிறவர் போல, கொஞ்ச நாள் மட்டும்.

செய்யுங்கள்: தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குப் பாடம் எடுக்க ஆசிரியரைத் தயார்ப்படுத்துங்கள்

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு நம் வகுப்பறைகளின் முகம் மாறியிருக்கிறது. தமிழ்வழியில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள், அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள், நீட் தாண்டி வந்திருக்கிறார்கள். அறிவில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. முதல் மூன்று மாதம் ஆங்கிலச் சொற்கள் சுவராக நிற்கின்றன. "இங்கிலீஷ் வராதா? அப்புறம் ஏன் வந்த?" என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் கேட்டுவிட்டால், ஐந்தரை வருடத்துக்கும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

புதிய பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் வரும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் மொழிப் பயிற்சிக்கு இடம் உண்டு. அதோடு முடிந்துவிடக்கூடாது. ஆசிரியருக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு கருத்தை முதலில் தமிழில் விளக்கி, அதே மூச்சில் ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொல்லிப் பலகையில் எழுதுவது. வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அன்றைய புதுச்சொற்களை உச்சரிப்போடு கொடுப்பது. வைவாவில் பதில் தமிழில் தொடங்கினால் முடிக்க விட்டு, பிறகு ஆங்கிலத்துக்குத் திருப்புவது. நோயாளி பேசப்போவது தமிழில்தான் என்பதால், ஹிஸ்டரி எடுக்கும் வகுப்பில் இந்தப் பிள்ளைகளையே முன்னால் நிறுத்தலாம்; அங்கே அவர்கள்தான் மற்றவர்களுக்கு ஆசான்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் விளக்குவதால் பாடத்தின் தரம் குறையும் என்று தயங்கும் ஆசிரியருக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

செய்யுங்கள்: பதவி உயர்வுக்கான வழியைத் தெளிவாகக் காட்டுங்கள்

அடுத்த பதவிக்குப் போக அடிப்படைக் கல்விப் பயிற்சி வேண்டும், உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் படிப்பு வேண்டும், ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். ஆராய்ச்சிப் படிப்பைச் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. பதிவு செய்யும் கடைசித் தேதியைத் தவறவிட்டுப் பதவி உயர்வு தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலண்டர் போட்டு வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே நினைவூட்டுவது சின்ன வேலை. ஒருவருக்கு அது ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும்.

கட்டுரை எழுதுவதில் நம்மவர்கள் தவிக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் அச்சிடும் இதழ்கள் அந்தத் தவிப்பை மோப்பம் பிடித்து மின்னஞ்சல் அனுப்புகின்றன. மாதத்துக்கு ஒரு மதியம், புள்ளியியல் தெரிந்த கம்யூனிட்டி மெடிசின் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு, வருகிறவரின் ஆய்வுத்திட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள். எந்த இதழ் நம்பகமானது என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தை நிரப்பக் கூட உட்காருங்கள்.

கல்வியியலில் ஆழமாகப் போக விரும்புகிறவர் எல்லாத் துறையிலும் ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடித்து மேற்பயிற்சிக்கு அனுப்புங்கள். கோவை பி.எஸ்.ஜி.யில் 2007இல் தொடங்கிய ஃபெய்மர் மண்டல மையம், வேலூர் சி.எம்.சி., ஜிப்மர் என்று நமக்குப் பக்கத்திலேயே இடங்கள் உண்டு.

செய்யுங்கள்: ஆசிரியர் உடைந்துபோகும் நாளில் முதலில் போய் நிற்பவர் நீங்களாக இருங்கள்

2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் கொல்கத்தாவில் பணியில் இருந்த பெண் மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்ட நிகழ்வு நாட்டை உலுக்கியிருந்தது. இத்தனை தூரம் போகாத வசவும் தள்ளுமுள்ளும் காஷுவாலிட்டியில் அன்றாடம் நடப்பவை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே மருத்துவர் சிரித்த முகத்தோடு வகுப்பெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அந்த நாளுக்கென்று ஒரு ஏற்பாடு முன்பே எழுதி வைத்திருங்கள். அவருடைய வகுப்பை யார் எடுப்பார், காவல்துறைப் புகாருக்கு யார் கூடப் போவார், மனநல மருத்துவரை யார் ஏற்பாடு செய்வார் என்று. பிரசவ விடுப்பு முடிந்து வருபவருக்கும் இதே அக்கறை வேண்டும். பால் கொடுக்க ஓர் அறை, முதல் மாதத்தில் இரவு டூட்டி இல்லாத பட்டியல், விடுப்பில் தவறிய பயிற்சிக்கு அடுத்த பேட்சில் உறுதியான இடம்.

ஆனால் எல்லாவற்றையும் நீங்களே தீர்க்க முனையாதீர்கள். மன அழுத்தத்தோடு வருபவருக்கு நீங்கள் ஆலோசகர் ஆகிவிடக்கூடாது. அதற்குப் பயின்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்கிறது. "பேசித் தீர்த்துக்கலாம்" என்று எம்.இ.யு. அறையில் சமரசம் செய்து வைப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதி. வழியைக் காட்டுங்கள், விரும்பினால் கூடப் போங்கள், அதோடு விலகிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

தேர்வுக் கேள்வி எழுதுவதைப் பயிற்சியாக மட்டும் வைக்காதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்ததும் அந்த வினாத்தாளையே மேசையில் போட்டு, எது நினைவாற்றலை மட்டும் சோதிக்கிறது, எது யோசிக்க வைக்கிறது என்று துறைவாரியாகப் பாருங்கள்.

ஆஸ்கி எனப்படும் நிலைய முறைத் தேர்வை ரொனால்ட் ஹார்டன் 1975இல் டண்டியிலிருந்து எழுதினார். அது நல்ல முறை. ஆள் பற்றாக்குறை உள்ள கல்லூரியில் இருபது நிலையம் போட முயன்று சோர்ந்துபோகாதீர்கள். இன்டர்னலில் ஆறு நிலையத்தில் தொடங்குங்கள்.

டியூட்டர்களையும் சீனியர் ரெசிடென்டுகளையும் பி.ஜி.க்களையும் மறக்காதீர்கள். ஹவுஸ் சர்ஜனுக்கு நள்ளிரவில் ஐ.வி. போடச் சொல்லித்தருவது பேராசிரியர் அல்ல, பி.ஜி.தான்.

மூத்த பேராசிரியரை மாணவர் முன்னிலையில் திருத்தாதீர்கள். தனியறையில், தேநீரோடு பேசினால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள்.

பயிற்சி முடிந்த அன்றைக்கு "எப்படி இருந்தது?" என்று நிரப்பிய படிவத்தை வைத்து வெற்றியை அளக்காதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதில் மதிப்பெண் ஏறும். ஆறு மாதம் கழித்து வகுப்பில் என்ன மாறியது என்று பாருங்கள்.

டீன் செய்ய வேண்டியது

ஓர் அறை, ஒரு கணினி, ஒரு அலுவலக உதவியாளர், ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் ஒரு முழு நாள். இவை நாலும் இல்லாமல் எம்.இ.யு. நடக்காது. இன்று பெரும்பாலான ஒருங்கிணைப்பாளர்கள் தம் துறை வேலை, நோயாளிகள், தேர்வுப்பணி எல்லாவற்றையும் முடித்துவிட்டு இரவில் வீட்டிலிருந்து இதைச் செய்கிறார்கள். 2025 மே முதல் முகம் காட்டி வருகையைப் பதிய வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவில் எம்.இ.யு.வுக்குக் கொடுத்த இரவுகள் எங்கும் ஏறுவதில்லை. அந்த உழைப்பை டீன் ஆணையாக எழுதி, பணிநேரமாகக் கணக்கிட வேண்டும். "அவங்க டிபார்ட்மென்ட்ல வேலை கம்மி" என்ற காரணத்துக்காக யாரையும் இந்தப் பொறுப்பில் போடாதீர்கள். கற்பிப்பதில் உண்மையான ஆசை உள்ளவரை, சக ஆசிரியர்கள் நம்புகிறவரைப் போடுங்கள். அவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

அரசுக் கல்லூரிகளில் இடமாறுதல் கவுன்சிலிங் நடந்தால் ஒருங்கிணைப்பாளர் ஒரே வாரத்தில் வேறு ஊர் போய்விடுவார். அவரோடு எம்.இ.யு.வும் போய்விடுகிறது. அதனால் எப்போதும் துணை ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். ஒப்படைக்க வேண்டியவை: பயிற்சி பெற்றோர் பட்டியல், இன்னும் பெறாதோர் பட்டியல், யாருக்கு யார் வழிகாட்டி என்ற விவரம், மண்டல மையத்துடனான கடிதங்கள், மாதிரி வினாத்தாள்கள், ஆண்டு நாட்காட்டி. ஒப்படைக்கக்கூடாதவை: வகுப்பைப் பார்த்துக் கையால் எழுதிய குறிப்புகள், தனியே வந்து பேசியவர்களைப் பற்றிய நாட்குறிப்புகள், மாணவர் எழுதிய கருத்துகளின் மூலப்படிவங்கள். குறிப்புகளை அந்தந்த ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கிழித்துப்போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.